மூன்று எண்களை எழுதித் தாருங்கள்: ட்ரெய்லர் விற்கும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் காரும், காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போய்த் தங்குகிற காம்பர் ட்ரெய்லரும் விற்கும் தமிழ் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். பனி உருகிவிட்டது. உங்களுக்கு இது வியாபாரக் காலம். நல்லபடி நடக்கட்டும். இந்த மடலை எந்த ஒரு கடையையும் மனதில் வைத்து எழுதவில்லை. என்னிடம் விற்றவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவர் கெட்டவரும் இல்லை. ஏலக்காய் போட்ட தேநீர் தந்தார், பிள்ளைகளுக்குச் சொக்லேட் தந்தார், என் மாமியாரிடம் எந்த ஊர் என்று விசாரித்து ஒரு தூரத்துச் சொந்தத்தையும் கண்டுபிடித்துவிட்டார். ட்ரெய்லரின் எடையை மட்டும் கண்டுபிடித்துத் தரவில்லை.

“அண்ணை, உங்கட கார் 3,500 பவுண்ட் இழுக்கும். இது 2,700தான். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ.”

எடுத்தேன். கண்ணையும் மூடிக்கொண்டுதான் எடுத்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் நீண்ட வார இறுதிக்கு கில்பேர் பூங்காவில் இடம் பிடித்திருந்தோம். ஒன்ராறியோ பூங்காக்களில் ஐந்து மாதம் முன்னால், காலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து இடம் பிடிக்கிற கதை உங்களுக்குத் தெரியும். மார்ச் மாதக் குளிரில் மனைவி ஒரு கணினியில், நான் ஒரு கணினியில், மகன் கைபேசியில் என்று மூன்று பேர் மோதிப் பிடித்த இடம் அது. ஜோர்ஜியன் விரிகுடா, பாறை, பைன் மரம், பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீருக்குள். அதற்காகத்தானே இந்தச் செலவெல்லாம்.

புறப்படும்போதே காரின் பின்பக்கம் பதிந்துதான் நின்றது. முன்விளக்கு எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும் அளவுக்கு மூக்கு மேலே தூக்கியிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் பார்த்துவிட்டு, ட்ரெய்லரின் முன்பக்கத்தில் பாரம் கூடிவிட்டது, கொஞ்சம் பின்னுக்கு மாற்றுங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் தண்ணீர் கேன்கள், அரிசி, கரி மூட்டை எல்லாவற்றையும் ட்ரெய்லரின் பின்மூலைக்குத் தள்ளினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது தெரியும். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதைக் காரோடு இணைக்கும் கொக்கியில் உட்கார வேண்டும். அது குறைந்து பின்பக்கம் கனத்தால், ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

நெடுஞ்சாலை 400இல், பாரி நகரம் தாண்டி, ஒரு பெரிய லாரி எங்களை முந்தியது. லாரியின் காற்று முதலில் தள்ளியது, அப்புறம் இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் இடப்பக்கம் தெரிகிறது, மறு நொடி வலப்பக்கம் தெரிகிறது. ஸ்டீயரிங் என் கையில் இருந்தது, கார் என் கையில் இல்லை. அந்த நேரத்தில் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது, மிதித்தால் பின்னால் வருவது இன்னும் தள்ளும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் போட வேண்டும். போடுவதற்கு என் காரில் எதுவும் இல்லை. மாமியார் “முருகா” என்று ஒருமுறைதான் சொன்னார். அதற்குப் பிறகு சத்தமே வரவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

வேகம் குறைந்து தானாக அடங்கியது. சாலையோரச் சரளையில் நிறுத்தினேன். பின்னால் வந்த ஒரு லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார். சக்கரத்தைப் பார்க்கவில்லை, கொக்கியைப் பார்க்கவில்லை, நேராகக் குனிந்து வயரைப் பார்த்தார். ட்ரெய்லரில் இருந்து வரும் பிளக்கில் ஏழு முனை. என் காரில் இருந்த சாக்கெட்டில் நாலு முனை. இரண்டையும் சேர்க்க நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு அடாப்டர். அந்த நாலு வயர் பின்விளக்கு, பிரேக் விளக்கு, இரண்டு பக்கச் சைகை விளக்கு, தரை இணைப்பு இவற்றோடு முடிந்துவிடும். ட்ரெய்லரின் மின்சாரப் பிரேக்குக்குப் போகிற நீல வயர் அந்த அடாப்டரோடு செத்துவிட்டது. அதாவது, ட்ரெய்லரில் பிரேக் இருந்தது. வாங்கிய நாளில் இருந்து அது ஒருமுறைகூட வேலை செய்யவில்லை.

அங்கிருந்தே கடைக்குப் போன் போட்டேன். உங்களில் ஒருவர் சொன்ன பதில்:

“லைட் எரியுதுதானே அண்ணை?”

எரிந்தது. மிக நன்றாக எரிந்தது.

ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் உள்ள ட்ரெய்லருக்கு வேலை செய்யும் பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். பொலிஸ் மறித்திருந்தால் தண்டம் எனக்குத்தான், கடைக்கு இல்லை. அது நியாயம்தான், ஓட்டியவன் நான். ஆனால் இந்தச் சட்டம் எனக்குத் தெரியாமல் இருப்பதும், இதையே தொழிலாக வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியாமல் இருப்பதும் ஒன்றா?

கில்பேருக்குப் போகவில்லை. மெதுவாகத் திரும்பி வந்தோம். அடுத்த வாரம் சாமான்களை முதலில் வைத்தபடியே வைத்து, லாரிகள் நிறுக்கிற எடைமேடைக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் கணக்குப் புரிந்தது. நீங்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் போடக்கூடிய கணக்கு, தயவுசெய்து கூடவே போட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன 2,700 பவுண்ட் என்பது வெறும் எடை, தொழிற்சாலைக் கணக்கு. கிலோவில் சுமார் 1,220. அதில் தண்ணீர் இல்லை, எரிவாயு இல்லை, பேட்டரி இல்லை, நீங்களே கூடுதல் காசுக்குப் பூட்டித் தந்த ஏசி இல்லை. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 100 லிட்டர், அதுவே 100 கிலோ. நிரப்பிய எரிவாயுச் சிலிண்டர் ஒன்று 17 கிலோ, எங்களுடையதில் இரண்டு. அப்புறம் பாத்திரம், படுக்கை, கூடாரம், நாலு நாள் சாப்பாடு. மேடையில் வந்தது 1,560 கிலோ. பவுண்டில் சுமார் 3,440.

“பார்த்தீங்களா, 3,500க்குள்ளதானே” என்பீர்கள். சரி. இப்போது கொக்கியில் உட்கார்ந்த எடை: 195 கிலோ. என் காரின் கையேட்டில் கொக்கிக்கு அனுமதி 159. இதோடு நிற்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் ஏற்றாதே என்று. என் காரில் 430 கிலோ. நான் 84, மனைவி 66, மாமியார் 62 (இதை எழுத அனுமதி வாங்கிவிட்டேன்), மகன் 52, மகள் 31. ஆட்கள் மட்டும் 295. கொக்கி இரும்புக்கு 15, டிக்கியில் குளிர்பெட்டியும் பைகளும் 50. மிச்சம் 70 கிலோ. அந்த 70 கிலோ இடத்தில்தான் 195 கிலோவை உட்கார வைத்து அனுப்பினீர்கள். கொக்கியில் உட்காரும் எடை காரின் சுமையில்தான் சேரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். கையெழுத்து வாங்குவதற்கு முன், ஒரு தாளில் மூன்று எண்களை எழுதித் தாருங்கள். சாமான் ஏற்றிய ட்ரெய்லரின் எடை, கொக்கியில் உட்காரும் எடை, குடும்பம் ஏறிய பிறகு காரில் மிஞ்சும் சுமை. மூன்றே மூன்று.

3,500 என்ற எண்ணே எங்கள் குடும்பத்தை நினைத்து வந்ததில்லை. இழுவைத் திறனை அளக்க எஸ்ஏஇ ஜே2807 என்றொரு அளவுகோல் இருக்கிறது. அதன்படி காரில் இருப்பது ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும், தலைக்கு 150 பவுண்ட். இரண்டே பேர்! உங்கள் விளம்பரப் படத்திலும் அப்படித்தான், ஒரு ஆண், ஒரு பெண், ஒரு நாய், ஆளுக்கொரு கோப்பை. எங்கள் வீட்டில் ஐந்து பேரும், பத்துக் கிலோ அரிசியும், இடியப்ப உரலும். மாமியாரை ட்ரெய்லருக்குள் உட்கார வைக்கலாம் என்றால் ஓடும் ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். அவர் மறுக்கமாட்டார், காரில் என் ஓட்டத்தைப் பார்ப்பதைவிட அது மேல் என்றுதான் சொல்வார்.

இன்னொன்று. “ஜெர்மனியில இதே கார் இன்னும் கூட இழுக்குதே” என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என் மச்சானும் அங்கிருந்து அதையேதான் சொல்வார். அங்கே ட்ரெய்லர் இழுக்கும் காருக்கு வேக வரம்பு 80 கிலோமீட்டர், தனி அனுமதி பெற்றால் 100. கொக்கியில் வைக்கும் எடையும் அங்கே குறைவு. இங்கே நெடுஞ்சாலை 400இல் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பின்னால் வருபவர் ஹோர்ன் அடிக்கிறார். நாட்டை மாற்றாமல் அந்த இழுவைக் கணக்கை மட்டும் இறக்குமதி செய்யாதீர்கள்.

கார் விற்கும் தம்பிமாருக்கும் ஒரு சொல். ஒரே பெயரில் வரும் காருக்குள்ளேயே இந்த எண் மாறும். 2019இல் வந்த தலைமுறை டொயோட்டா ஆர்ஏவி4இல் சாதாரண பெட்ரோல் வகை 1,500 பவுண்ட், ஹைபிரிட் 1,750, சில வகைகள் மட்டும் 3,500. தெருவில் பார்த்தால் எல்லாம் ஒரே கார்தான். “ஆர்ஏவி இழுக்கும்” என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால், வாங்குபவர் எதை நம்பிப் போகிறார்?

ஒன்ராறியோவில் கார் ஓட்டும் சாதாரண ஜி உரிமம் இருந்தால் 4,600 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்கலாம், தனிப் பரீட்சை கிடையாது. பரீட்சை வைக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை. வாசலில் நிற்பது நீங்கள் மட்டும்தான். எங்கள் ஆட்கள் உங்களிடம் வருவதே, தமிழில் கேட்கலாம், தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்கலாம் என்றுதான். வட்டி வீதத்தைத் தமிழில் சொல்லத் தெரிகிறது, ஐந்து வருட உத்தரவாதத்தைத் தமிழில் சொல்லத் தெரிகிறது, கொக்கி எடையைச் சொல்ல மட்டும் சொல் கிடைக்கவில்லையா?

கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது, மன்னியுங்கள். பணிவாகவே திரும்பக் கேட்கிறேன். மூன்று எண்கள், ஒரு தாள், கையெழுத்துக்கு முன். கூடவே, ட்ரெய்லரில் ஏழு முனைப் பிளக் இருந்தால் காரிலும் ஏழு முனைச் சாக்கெட்டும், ட்ரெய்லர் பிரேக்கைக் காரில் இருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் பூட்டாமல் வாசலை விட்டு வெளியே விடாதீர்கள். அந்தச் செலவை விலையோடு சேர்த்தே சொல்லுங்கள், நாங்கள் பேரம் பேசுவோம், அது வேறு விஷயம்.

எங்கள் ட்ரெய்லர் இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. வயரிங்கும் கன்ட்ரோலரும் போட்டாயிற்று. தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து, போன இடத்தில் நிரப்புவதாகத் திட்டம். சாமானில் பாதியும் பிள்ளைகள் இருவரும் மனைவி ஓட்டும் இரண்டாவது காரில் வருவார்கள். மாமியாரிடம் எந்தக் காரில் வருகிறீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

அன்புடன்,
மார்க்கம் நகரில் இருந்து உங்கள் பழைய வாடிக்கையாளன்