நாமக்கோழியின் பெயரில் ஓர் அணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க பேஸ்பாலில் மேஜர் லீக் என்ற உச்ச நிலைக்குக் கீழே உள்ள மைனர் லீக் அணிகளைப் பற்றித் தமிழில் அபூர்வமாகத்தான் எழுதுகிறோம். எழுதும்போதும் ஒஹையோ மாநிலத்து டொலீடோ மட் ஹென்ஸ் அணியை ‘டொலீடோ சேற்றுக்கோழிகள், டெட்ராய்ட் டைகர்ஸின் இளைய அணி, 1896 முதல் ஆடிவருகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரியில் மூன்று இடங்களில் திருத்தம் வேண்டும்.

முதலில் பறவை. மட் ஹென் என்பது ‘கூட்’ என்ற நீர்ப்பறவைக்கு அங்குள்ள மக்கள் வைத்த பெயர். தமிழில் நாமக்கோழி என்கிறோமே, அதன் அமெரிக்க இனம். கரிய உடல், வெள்ளை அலகு, விரல்களின் ஓரத்தில் மடல் மடலாகத் தோல். எழும்பிப் பறக்கும் முன் நீர்மேல் தடதடவென்று ஓடும். இது கோழியும் இல்லை, வாத்தும் இல்லை. நமக்கு நல்ல பெயர் கையிலிருக்கும்போது ‘சேற்றுக்கோழி’ என்று புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை.

அந்தப் பெயர் வந்த வழியும் சுவையானது. நகர எல்லைக்குள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தடை இருந்ததால், 1896இல் அணி எல்லைக்கு வெளியே பே வியூ பார்க்கில் ஆடியது. பக்கத்தில் சதுப்பு நிலம், அது நிறைய இந்தப் பறவைகள். செய்தித்தாள்காரர்கள் அணியை மட் ஹென்ஸ் என்று எழுதத் தொடங்கினார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. நிர்வாகம் யோசித்து வைத்த பெயர் இல்லை என்பதால்தான் அதற்கு இத்தனை ஆயுள் என்று நினைக்கிறேன்.

இனி ‘1896 முதல்’ என்பது. ஒரு மைனர் லீக் அணியின் வரலாற்றை எழுதுபவர் மூன்று இழைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, லீகில் ஆடும் உரிமம். இரண்டு, வீரர்களை அனுப்பும் தாய் அணியுடனான ஒப்பந்தம். மூன்று, ஊரும் பெயரும். இவை ஒன்றோடொன்று சேர்ந்தே போகும் என்று எண்ணும்போதுதான் கணக்கு தப்புகிறது.

டொலீடோவில் உரிமம் பலமுறை அறுந்திருக்கிறது. அமெரிக்கன் அசோசியேஷன் என்ற லீகில் 1902இல் தொடங்கிய அணி, 1914, 1915 இரண்டு பருவங்களும் கிளீவ்லாந்துக்குப் போய் ஆடியது. ஃபெடரல் லீக் என்ற போட்டி அமைப்பு அங்கே மைதானம் பிடித்துவிடக் கூடாது என்பது காரணம். 1916இல் திரும்பியபோது பெயர் அயர்ன் மென். 1919இல்தான் மீண்டும் மட் ஹென்ஸ். 1952இல் பருவத்தின் நடுவிலேயே அணி மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனுக்குப் போய்விட்டது. மறு ஆண்டு போஸ்டன் பிரேவ்ஸ் மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்ததால், அங்கிருந்த மைனர் லீக் அணி இடமிழந்து டொலீடோவுக்கு வந்தது. அதன் பெயர் சாக்ஸ். 1955 முடிந்ததும் அதுவும் விச்சிட்டாவுக்குக் கிளம்பியது. 1909 முதல் இருந்த ஸ்வேன் ஃபீல்டு மைதானத்தை இடித்து அங்கே கடைவளாகம் கட்டினார்கள்.

பிறகு 1964 வரை ஊரில் அணியே இல்லை. 1965இல் வந்தது வர்ஜீனியாவின் ரிச்மண்டில் இருந்த இன்டர்நேஷனல் லீக் அணி. உரிமத்தின்படி பார்த்தால் இன்றைய மட் ஹென்ஸின் முன்னோர் ரிச்மண்டில்தான் இருக்கிறார்கள்.

பட்டங்களைக் கூட்டும்போது இது உடனே தெரியவரும். 1927இல் கேசி ஸ்டெங்கலின் நிர்வாகத்தில் வென்ற பட்டம் சார்ல்ஸ்டனுக்குப் போன உரிமத்தின் மீது இருக்கிறது. 1953இன் பட்டம் சாக்ஸ் பெயரில். இன்டர்நேஷனல் லீகின் பட்டமான கவர்னர்ஸ் கோப்பையை 1967, 2005, 2006இல் வென்றவை மட்டுமே இன்றைய உரிமத்துக்கு உரியவை. எல்லாவற்றையும் ‘டொலீடோவின் பட்டங்கள்’ என்று எழுதலாம், தவறில்லை. ‘இந்த அணியின் பட்டங்கள்’ என்றால் தவறு.

இன்னொரு குழி: அமெரிக்கன் அசோசியேஷன் என்ற பெயரில் இரண்டு லீகுகள் இருந்தன. 1882 முதல் 1891 வரை இருந்தது மேஜர் லீக். 1902இல் தொடங்கியது மைனர் லீக். கறுப்பின வீரர் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் 1884இல் டொலீடோவுக்காக ஆடியது முதலாவதில். 1947இல் மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனுக்கு 63 ஆண்டுகள் முந்தியது அது. அவரை ‘மட் ஹென்ஸ் வீரர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர் அணியின் பெயர் புளூ ஸ்டாக்கிங்ஸ். மட் ஹென்ஸ் என்ற பெயர் பிறக்க இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

‘டைகர்ஸின் இளைய அணி’ என்பதும் பாதி உண்மைதான். 1965 முதல் தாய் அணி யாங்கீஸ், டைகர்ஸ், பில்லீஸ், கிளீவ்லாந்து, மினசோட்டா என்று மாறி, 1987இல் மீண்டும் டைகர்ஸ். வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் தாய் அணி சம்பளம் தருகிறது. யாரை எப்போது மேலே அழைப்பது என்பதும் அதன் கையில். மைதானம், நுழைவுச்சீட்டு, தொப்பி, சட்டை, பெயர் எல்லாம் உள்ளூர் நிர்வாகத்துடையவை. ஆட்டக்காரர் மாறிக்கொண்டே இருப்பார், அதனால் ரசிகர் பற்றிக்கொள்வது தொப்பியிலுள்ள பறவையைத்தான். டொலீடோவில் பிறந்த நடிகர் ஜேமி ஃபார், கொரியப் போரைக் களமாகக் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடரில் மட் ஹென்ஸ் ரசிகராக நடித்து அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுபோனார். அந்தப் போர் முடியும் முன்பே மட் ஹென்ஸ் ஊரைவிட்டுப் போய்விட்டது என்பது பலருக்குத் தெரியாது.

1965க்குப் பிறகு அணி நகராமல் நின்றதற்குக் காரணம் உடைமை. முன்பு உரிமம் வைத்திருந்தவர்கள் முடிவெடுத்தால் போதும், அணி கிளம்பிவிடும். கவுண்டி ஆணையர் நெட் ஸ்கெல்டன் முன்னின்று உழைத்து அணியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அதை டொலீடோ அடங்கிய லூகஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) லாபநோக்கமற்ற அமைப்பு ஒன்றின் வழியாகத் தன் உடைமையாக்கிக்கொண்டது. பக்கத்து ஊரான மௌமியில் பந்தயத் திடலை மாற்றிய மைதானத்தில் 2001 வரை ஆடி, 2002இல் நகர மையத்தின் ஃபிஃப்த் தேர்ட் ஃபீல்டுக்கு வந்தார்கள்.

இது டொலீடோவின் தனிக்கதை இல்லை. வட கரோலைனாவின் டர்ஹம் புல்ஸ் 1998இல் மைனர் லீகின் உச்ச நிலையான டிரிபிள் ஏவுக்கு உயர்ந்தது என்று படிக்கிறோம். உயர்ந்தது ஊரும் பெயரும்தான். கரோலைனா லீகில் இருந்த பழைய உரிமம் டான்வில்லுக்கும், அடுத்த ஆண்டு மிர்ட்டில் பீச்சுக்கும் போய்விட்டது.

2021இல் மேஜர் லீக் தரப்பு நிர்வாகத்தைத் தானே ஏற்று, இணைப்பு அணிகளை 120 ஆகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் 10 ஆண்டு உரிமம் வழங்கியது. இன்டர்நேஷனல் லீகுக்கே அந்த ஒரு பருவம் ‘டிரிபிள் ஏ ஈஸ்ட்’ என்று பெயர். 2022இல் பழைய பெயர் திரும்பியது. 2021இன் பதிவுகளைத் தேடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இடம் குறைவு, ஒரே வரிதான் என்றால் இப்படி எழுதலாம்: ‘டொலீடோ மட் ஹென்ஸ்: நாமக்கோழியின் பெயர் 1896இல் வந்தது, இன்றைய அணி 1965இல் வந்தது, டைகர்ஸுடன் தற்போதைய ஒப்பந்த உறவு 1987 முதல்.’

இப்படிக்கு,
தங்கள் வாசகர்