ஒரே ஒரு வாக்கு

ஆசிரியருக்கு,

மியான்மாரில் 2015 தேர்தலில் அமோகமாக வென்ற ஆங் சான் சூ கீ கட்சி அரசியல் சாசனத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2008 சாசனப்படி இரு அவைகளிலும் சேர்த்து 664 இடங்கள். அதில் 166 பேரை ராணுவத் தலைமைத் தளபதியே நியமிக்கிறார்; துல்லியமாகக் கால் பங்கு. 436-வது பிரிவோ, திருத்தத்துக்கு 75 சதவீதத்துக்கும் 'மேல்' கேட்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த 498 பேரும் ஒருவர் விடாமல் ஆதரித்தாலும் சரியாக 75தான். சீருடை அணிந்த ஒருவராவது மனம் வைக்க வேண்டும். (சண்டைப் பகுதிகளில் தேர்தல் நடக்காமல் காலியாகக் கிடந்த இடங்கள் வேறு.)

முக்கியப் பிரிவுகள் என்றால் பொதுவாக்கெடுப்பும் உண்டு. அதில் பதிவான வாக்கில் அல்ல, மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். அதாவது, வீட்டிலேயே இருந்துவிட்டவரும் எதிர்த்து வாக்களித்தவராகிறார்!

75-ஐ 70 ஆக்கும் முயற்சி அந்தத் தேர்தலுக்கு முன்பே, 2015 ஜூனில் தோற்றது. ராணுவ இடங்களைப் படிப்படியாகக் குறைக்கும் திருத்தம் 2020 மார்ச்சில் தோற்றது. நடந்தது ஒன்றுதான்: சாசனப்படி சூ கீ அதிபராக முடியாததால், சாதாரணச் சட்டம் ஒன்றின் மூலம் 2016-ல் அவருக்காக 'அரசு ஆலோசகர்' பதவி உருவானது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகார அமைச்சர்களை அப்போதும் தளபதிதான் தேர்ந்தெடுத்தார்.

— வாசகர், திருச்சி