மேளக்காரர்கள் அன்றிரவு எங்கே படுப்பார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்துவிட்டதால் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் ஊர்கள்தோறும் காப்புக்கட்டும் நாளைக் குறிக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. பந்தல், மைக் செட், வாணவேடிக்கை, அன்னதானம் ஆகியவற்றோடு கரகாட்டச் செட்டையும் நையாண்டி மேளத்தையும் பேசி அச்சாரம் கொடுக்கும் காலம் இதுவே. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்குத் தொடங்குவார்கள், எவ்வளவு தொகை என்பனவெல்லாம் அந்தப் பேச்சில் வருகின்றன. ஆட்டம் முடிந்த பின் அந்தக் கலைஞர்கள் அன்றிரவு எங்கே படுப்பார்கள் என்பது மட்டும் பெரும்பாலான ஊர்களில் பேசப்படுவதில்லை. எங்கள் ஊர் விழாக் குழுவில் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில், அதாவது பணம் கொடுக்கும் தரப்பில் நிற்பவனாக, இது குறித்துச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

முன்பெல்லாம் அம்மன் கோயில் திருவிழா என்றால் செவ்வாயும் வெள்ளியும்தான். சமயபுரத்தில் சித்திரைத் தேர் இன்றும் செவ்வாய்க்கிழமையிலேயே ஓடுகிறது. பெரிய கோயில்கள் நாளை மாற்றுவதில்லை. சிற்றூர்களின் நிலை அப்படியில்லை. ஊரின் இளைஞர்களில் பாதிப் பேர் திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள்; திருவிழா வரி கொடுப்பவர்களும் அவர்களே. அவர்கள் ஊருக்கு வந்து போக வேண்டுமென்பதற்காக, காப்புக்கட்டைச் செவ்வாயில் வைத்துக்கொண்டு, கூட்டம் கூடும் முளைப்பாரியையும் பால்குடத்தையும் இரவு நிகழ்ச்சிகளையும் வெள்ளி, சனி, ஞாயிறுகளுக்குத் தள்ளிவிடுகிறோம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாரம் முழுவதும் பரவிக் கிடந்த வேலை மூன்று இரவுகளுக்குள் நெருக்கப்பட்டுவிட்டதால், மேளக்காரர்கள் அந்த மூன்று இரவுகளையும் மூன்று ஊர்களில் கழிக்க வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து புறப்படும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, தாளம், கரகம் எடுக்கும் பெண்கள் இருவர், கோமாளி ஒருவர், இவர்களோடு ஓட்டுநர். எல்லோரும் ஒரே வேனில் வருவார்கள். வெள்ளி இரவு கந்தர்வகோட்டைப் பக்கம் ஓர் ஊரில் ஆட்டம். சனிக்கிழமை புதுக்கோட்டை தாண்டி, பொன்னமராவதிக்கு அருகில். ஞாயிறு சிங்கம்புணரிப் பக்கம். திங்கள் அதிகாலையில் திருப்பத்தூர், திருமயம், புதுக்கோட்டை வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடந்து தஞ்சாவூர் திரும்ப வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் இது பெரிய தொலைவாகத் தெரியாது. பகலில் சென்றால் அலுப்பும் இல்லை. இந்தப் பயணம் நடப்பது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், நான்கைந்து மணி நேரம் இடைவிடாமல் வாசித்து ஆடி ஓய்ந்த உடம்போடு என்பதுதான் கவலைக்குரியது. மூன்று இரவுகளும் வண்டி ஓட்டுபவர் ஒரே ஓட்டுநர். ஆட்டம் நடக்கும் வேளையில் அவர் தூங்கியிருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒலிபெருக்கிக்குப் பத்தடி தள்ளி நிறுத்தப்பட்ட வண்டிக்குள் யார்தான் தூங்க முடியும்?

இந்த நள்ளிரவுப் பயணம் தொன்றுதொட்டு வந்த வழக்கமன்று என்பதை இளைய தலைமுறையினருக்குச் சொல்ல வேண்டும். விடிய விடிய ஆட்டம் நடந்த காலத்தில், கோழி கூவும்போதுதான் மேளம் ஓயும். கலைஞர்கள் கோயில் மண்டபத்திலோ சாவடியிலோ முற்பகல் வரை படுத்துறங்கி, குளித்து, ஊர்ச் சோறு உண்டு, பகல் பேருந்தில் அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 வந்த பிறகு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாதென்றாயிற்று. திருவிழா போன்ற தருணங்களுக்காக, ஓர் ஆண்டில் மொத்தம் 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம் என்றும் அவ்விதிகளில் இடமுண்டு. 2005இல் உச்ச நீதிமன்றமும் இரவு நேரத் தடையை உறுதிப்படுத்தியது. நோயாளிகளையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையும் நினைத்தால் இந்த விதி தேவையானதே. அதைத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை. விதியின் ஒரு பக்க விளைவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் முறையீடு. காவல் நிலையம் குறித்துக் கொடுத்த நேரத்தில் மேளத்தை நிறுத்திவிட்டு ஊரார் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறோம். கலைஞர்களுக்கோ இரவு அப்போதுதான் பாதியில் நிற்கிறது. முன்பு ஆட்டக்களத்தில் கழிந்த அவர்களுடைய பின்னிரவு இப்போது நெடுஞ்சாலையில் கழிகிறது.

சிறிய குழுக்களின் பாடு இதனினும் மோசம். வேன் வாடகை கட்டுப்படியாகாதவர்கள், பறையும் பம்பையும் ஏற்றிய சரக்கு வண்டியிலேயே தாங்களும் ஏறிக்கொள்கிறார்கள். சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. சோதனையில் பிடிபட்டால் அபராதம் வண்டிக்குத்தான், கலைஞர்களை அந்த நேரத்தில் அனுப்பிவைத்த ஊருக்கில்லை. பங்குனிப் பனியில் தோல் தளர்ந்துபோன பறையை அடுத்த ஊரில் இறங்கியதும் தீ மூட்டிக் காய்ச்சினால் விறைப்பு ஏறிவிடும். உறக்கமில்லாத மனிதருக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடு மாட்டி மூன்று இரவு தொடர்ந்து வாசித்ததால் வந்த வீக்கத்தை ஞாயிற்றுக்கிழமை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று அவர் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் எங்கள் ஊர் பேசிய தொகையில் கழித்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெண் கலைஞர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. கரகம் எடுப்பவர் உடை மாற்றவும், சலங்கை கட்டவும், ஒப்பனை செய்துகொள்ளவும் ஒரு மறைவிடம் வேண்டும். பல ஊர்களில் அது வேனின் பின்னிருக்கை, அல்லது பந்தல்காரர் இழுத்துக் கட்டிய ஒரு தார்ப்பாய். கழிப்பறை என்று கேட்டால், யாராவது ஒரு வீட்டுக்காரரின் மனமிரங்கலை நம்பித்தான் அந்த இரவு கழிகிறது. இதற்கு அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஆடும் பெண்கள் உண்டு. ஆபாச அசைவும் இரட்டைப் பொருள் வசனமும் கூடாதென்று நீதிமன்றங்களும் காவல்துறையும் நிபந்தனை விதிக்கின்றன; நல்லது. அந்த நிபந்தனை முழுவதும் மேடையேறுபவரை நோக்கியே எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டம் முடிந்து, இருட்டில் வண்டிக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் குடித்துவிட்டு வந்து பேசுபவனைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்று எந்த அனுமதிக் கடிதத்திலும் நான் கண்டதில்லை.

தங்க வைக்க ஊரில் இடமில்லை என்று ஒரு பதில் வரும். இன்று ஊராட்சிகளில் சமுதாயக் கூடம் இருக்கிறது. இல்லாத ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, சித்திரை வைகாசியில் அதற்கு விடுமுறையும் விட்டுவிடுகிறார்கள். மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள கல்யாண மண்டபங்கள் சிறு கடைத்தெருக்களில்கூட வந்துவிட்டன. ஆகவே இடப் பற்றாக்குறை என்பது பெரும்பாலும் உண்மையன்று. பறையும் உருமியும் மேளமும் வாசிக்கும் கலைஞர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களைச் சாமிக்கு முன்னால் வாசிக்க அழைக்கும் ஊர், அவர்களைத் தன் மண்டபத்தில் படுக்க விடுவதற்குத் தயங்குகிறது என்பதே பல இடங்களில் நடப்பு. வாயைத் திறந்து யாரும் மறுப்பதில்லை. சாவி வைத்திருப்பவர் அந்த நேரம் பார்த்து ஊரில் இல்லாமல் போய்விடுவார். பறைக் கலைஞரான அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்து சுவரொட்டி ஒட்டினோம். அந்த மகிழ்ச்சி மண்டபத்துச் சாவி வரைக்கும் வந்து சேர வேண்டும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். நாம் இடம் கொடுத்தாலும் நிற்காமல் கிளம்பும் குழுக்கள் இருக்கின்றன. இரவில் ஓரூரில் ஆட்டம், விடிந்ததும் இன்னோரூரில் பால்குடத்துக்கு மேளம் என்று இரண்டு அச்சாரம் வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர்கள், தாளம் போடும் பையனின் உறக்கத்தையும் சேர்த்தே விற்கிறார்கள். இது சரியன்று. ஆனாலும் அவர்களை அப்படிச் செய்ய வைக்கும் கணக்கு வேறு. தையில் தொடங்கி ஆடியில் முடியும் காலத்தில் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும்தான் நிறைந்த வேலை உள்ளவை. புரட்டாசியிலும் மார்கழியிலும் தவில் உறைக்குள்தான் இருக்கும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொரோனாவால் இந்த மூன்று மாதங்களின் பெரும்பகுதி அடுத்தடுத்துப் பறிபோனது. அப்போது வட்டிக்கு வாங்கியதை வெகு காலம் அடைத்தவர்கள் உண்டு. மேலும், நாம் பேசும் தொகை மொத்தத் தொகை. வேன் வாடகை, எரிபொருள், வழிச் சாப்பாடு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போக மீந்ததே பங்காகிறது. அதிலும் நாகசுரத்துக்கும் தவிலுக்கும் ஒரு பங்கு, தாளத்துக்கு அதைவிடக் குறைந்த பங்கு. ஓரிரவு விடுதியில் தங்கினால் சிலருடைய பங்கு காணாமலே போய்விடும். ஆகையால் தங்கும் செலவைக் குழுவின் தலையில் வைத்தால் அவர்கள் நள்ளிரவில் கிளம்பத்தான் செய்வார்கள். அது ஊரின் பொறுப்பாக இருந்தால் மட்டுமே நிலைமை மாறும்.

நான் கேட்பது பெரிய திட்டமன்று. நிதி ஒதுக்கீடும் தேவைப்படாதது. கலை நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு விழாக் குழு காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கிறது. நிகழ்ச்சி நடக்கும் இடம், நேரம், குழுவின் பெயர், ஒலிபெருக்கி, பொறுப்பேற்பவர்களின் கையொப்பம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதே மனுவில் இன்னும் இரண்டு வரிகள் சேர்க்கப்பட வேண்டும்: கலைக்குழுவினர் நிகழ்ச்சிக்குப் பின் காலை வரை தங்கும் இடம் எது, பெண் கலைஞர்கள் உடை மாற்றவும் கழிப்பறைக்கும் ஒதுக்கப்பட்ட இடம் எது. இவை இரண்டும் நிரப்பப்படாத மனுவை நிலைய அலுவலர் திருப்பிக் கொடுக்கலாம். எங்களைப் போன்ற விழாக் குழுக்களுக்கு அறிவுரையைவிட, ‘அனுமதி கிடைக்காது’ என்ற சொல் விரைவாக விளங்கும். சமுதாயக் கூடத்தை அந்த ஓரிரவுக்கு வாடகையின்றித் தர ஊராட்சியில் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம். பேசிய தொகையின் மீதியை மேளம் ஓய்ந்ததும் கையில் கொடுத்துவிடுவதும் இதனோடு சேர வேண்டும். காலையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இழுத்தடிக்கும் ஊரில், நல்ல மண்டபம் கொடுத்தாலும் நிம்மதியாக யாரும் தூங்க மாட்டார்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான் மேலே சொன்ன வழித்தடத்தில், மறுநாள் நிகழ்ச்சி மாலையில்தான் என்றால், காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் பகல் உணவுக்கு முன்பே அந்த ஊரில் இருக்கலாம். அங்கும் பகலில் படுக்க ஓரிடம் இருந்தால், மூன்றாம் இரவு வாசிப்பின் தரமே வேறாக இருக்கும். தவில் தனியாவர்த்தனத்துக்காகக் காத்திருக்கும் ரசிகன் என்ற வகையில், இதில் எனக்குத் தன்னலமும் உண்டு.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. விபத்து நேர்ந்தால் உதவித் தொகை பெறுவதற்கு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குழுவின் மூத்த கலைஞர்களிடம் அட்டை இருக்கிறது. ஆள் குறைந்த நாளில் கூலிக்கு அழைத்துவரப்படும் பம்பைக்காரரிடமும் தாளக்காரரிடமும் பெரும்பாலும் இருப்பதில்லை. வேனில் பின்னால் நெருங்கி உட்கார்ந்து வருபவர்களும் அவர்களே. அச்சாரம் கொடுக்கும்போது அட்டை எண்களைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை விழாக் குழுக்கள் ஏற்படுத்தினால், பொறுப்பாளர்கள் தாமாகவே பதிவுக்கு அழைத்துச் செல்வார்கள். தஞ்சாவூரிலுள்ள கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம், பங்குனிக்கு முன் வட்டத் தலைநகரங்களில் பதிவு முகாம் நடத்தினால் இன்னும் எளிது. புரட்டாசியில் நடத்தினால் கலைஞர்கள் கூலி வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள்.

நார்த்தாமலை, கொன்னையூர் போன்ற மாரியம்மன் கோயில்களின் பங்குனித் திருவிழாக்களையொட்டியே சுற்றுவட்டாரச் சிற்றூர்களும் தங்கள் விழாக்களை வைத்துக்கொள்கின்றன. அவற்றுக்கான அனுமதி மனுக்கள் மாசிக் கடைசியிலேயே காவல் நிலையங்களுக்கு வரத் தொடங்கிவிடும். மூன்று மாவட்டங்களின் காவல் கண்காணிப்பாளர்களும் அதற்கு முன்பாக ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், இந்தப் பங்குனியிலிருந்தே இது நடைமுறைக்கு வந்துவிடும். எங்கள் ஊர் மனுவில் அந்த இரண்டு வரிகளையும் இப்போதே எழுதிச் சேர்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
விழாக் குழு உறுப்பினர் ஒருவர்,
திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்.