தலைப்பிரசவம் இந்த முறை சென்னையில்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் நேற்று வந்தது. உன் மகளுக்கு எடுத்த இருபதாவது வார ஸ்கேனில் வயிற்றிலிருக்கும் குழந்தையின் பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருப்பது தெரிந்தது என்று எழுதியிருந்தாய். அந்த ஸ்கேன் டாக்டருக்கு ஒரு கும்பிடு போடு. இதயத்தின் நாலு அறைகளை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். வெளியே போகும் குழாய்களையும் தேடிப் பார்த்தால்தான் இது பிடிபடும். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று சம்பந்தியம்மா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

வயிற்றில் இருக்கும்வரை நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்ளும். பிறந்தபின்தான் சிக்கல். நல்ல ரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் போகும், கெட்ட ரத்தம் உடம்புக்கே போகும். இரண்டும் கலக்க, மேலறைகளுக்கு நடுவே ஒரு துளையும் தமனிகளுக்கு நடுவே ஒரு சின்னக் குழாயும்தான் வழி. அந்தக் குழாய் ஓரிரு நாளில் தானாக மூடத் தொடங்கிவிடும். வெளியூரிலிருந்து ஆம்புலன்சில் வந்த குழந்தைகளை என் வார்டில் பார்த்திருக்கிறேன். நுரையீரல் கோளாறு என்று நினைத்து ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்திருப்பார்கள். உதடு கருநீலமாக, கைகால் சில்லிட்டு வரும்.

முன்பே தெரிந்தால் கதை வேறு. பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தநாளத்தில் லைன் போட்டு, சிரிஞ்சு பம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை ஏற்றுவார்கள்; தமனிகளுக்கு நடுவே உள்ள அந்தச் சின்னக் குழாய் மூடாமல் திறந்தே இருக்கும். அந்த மருந்தால் சில குழந்தைகள் மூச்சு விட மறந்துவிடும் என்பதால் நர்ஸ் பக்கத்திலேயே இருப்பாள். துளை போதாவிட்டால் பலூன் விட்டு அகலப்படுத்துவார்கள். 1966இல் ராஷ்கிண்ட் என்ற அமெரிக்க டாக்டர் காட்டிய வழி அது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தமனிகளை இடம் மாற்றும் ஆபரேஷன். ரொம்பத் தள்ளிப்போட்டால் இடது கீழறை பலம் குறைந்துவிடும்.

1999இல் வெளியான பாரிஸ் ஆய்வு ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. இந்தக் கோளாறு கருவிலேயே தெரிந்த 68 குழந்தைகளில் ஒன்றுகூட இறக்கவில்லை. பிறந்தபின் தெரிந்த 250 குழந்தைகளில் 15 குழந்தைகள் ஆபரேஷனுக்கு முன்பே போய்விட்டன.

சிசேரியன்தானா என்று கேட்டிருந்தாய். இதற்காக மட்டும் கத்தி வைக்க வேண்டியதில்லை. சுகப்பிரசவத்தை இந்தக் குழந்தைகள் தாங்கும். அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்கவும் விடாதே, 39 வாரம் வரை வளரட்டும். ஆனால் இடத்தில் மட்டும் பிடிவாதமாக இரு: குழந்தை இதய ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரியிலோ, அதற்குப் பக்கத்திலோதான் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது சரி, இந்த முறை தாய்வீடே சென்னைக்கு வரட்டும்.

ஒன்று மட்டும் உன் மகளிடம் இப்போதே சொல்லி வை. குழந்தையை உடனே மடியில் தரமாட்டார்கள், ஒரு பார்வை காட்டிவிட்டு எடுத்துப் போய்விடுவார்கள். அவள் மனம் உடைந்துபோகாமல் சீம்பாலைப் பீய்ச்சிக் கொடுக்கட்டும். சில சொட்டு என்றாலும் வீணாக்கமாட்டார்கள்.

இங்கே எனக்கு முழங்கால் வலி, அவருக்குச் சர்க்கரை, மற்றபடி சௌக்கியம். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. முப்பத்தாறாவது வாரத்துக்குள் வந்துவிடுங்கள். அதற்கு முன்னால் ஃபீட்டல் எக்கோ (கருவின் இதயத்தை மட்டும் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு. வரும்போது உன் கையால் போட்ட மணத்தக்காளி வற்றலும் வேண்டும்.

அன்புடன்,
சரோஜா