ஒப்பீட்டுக் கட்டத்தில் எங்கள் ஊர்த் தண்ணீருக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கியதும் உங்கள் நாளிதழோடு வந்த வீட்டு உபயோகப் பொருள் இணைப்பைப் படித்தேன். பிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், குடிநீர் மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டு, கம்பெனி வாரியாக ஒப்பிட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கே சிலர் வந்துவிட்டார்கள். "அண்ணாச்சி, இதுல எது நல்லதுன்னு ஒரு டிக் போட்டுக் குடுங்க" என்கிறார்கள். டிக் போட முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் விற்கிறவன் இல்லை, ரிப்பேர் பார்க்கிறவன். கடை நெல்லை மாவட்டம் கல்லிடைக்குறிச்சியில். மேற்கே பாபநாசம், கிழக்கே சேரன்மகாதேவி, சொந்தபந்தம் இருப்பதால் தெற்கே திசையன்விளை வரைக்கும் வேலைக்குப் போய்வருவேன். உங்கள் கட்டத்தில் லிட்டர், ஸ்டார், விலை, நிறம், வைஃபை உண்டா இல்லையா என்று பத்திகள் இருந்தன. எல்லாம் கம்பெனி நோட்டீசில் ஏற்கெனவே இருப்பவை. எந்தெந்தக் காரணத்தால் ஒரு பொருள் என் கடைக்கு வந்து சேர்கிறதோ, அதில் ஒன்றுகூட அந்தப் பத்திகளில் இல்லை.

முதல் காரணம் தண்ணீர். அம்பை (அம்பாசமுத்திரம்), கல்லிடை வீடுகளில் தாமிரபரணித் தண்ணீரில் ஓடுகிற வாஷிங் மெஷினில் ஹீட்டரைக் கழற்ற வேண்டிய வேலையே அபூர்வம். அதே கம்பெனி, அதே மாடலை ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீரில் ஓட்டினால், ஹீட்டர் கம்பி தெரியாத அளவுக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏறியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் தகடு தகடாகப் பெயர்ந்து விழும். தண்ணீர் உள்ளே வரும் வால்வின் வாயில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சல்லடை உண்டு. அது அடைத்துக்கொண்டால் மெஷின் எர்ரர் காட்டி நின்றுவிடும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் ஓடும் என்பது பல வீடுகளில் தெரியாது. புது மெஷினையே மாற்றித்தரச் சொல்லிச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உவரிப் பக்கம் போனால் இன்னொரு கதை, அங்கே உப்புக் காற்றில் பாடியின் அடித்தகடு துருப்பிடித்துப் பொடிந்துவிடும்.

தண்ணீரின் உயரமும் ஒரு விஷயம். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றைத் தள வீட்டில் மொட்டைமாடி டேங்குக்கும் கீழே இருக்கிற மெஷினுக்கும் மூன்று மீட்டர் இருந்தாலே பெரிது. இந்த மெஷினுக்குக் குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கையேட்டின் பின்பக்கங்களில் எங்கேயாவது போட்டிருப்பார்கள். அதை எடுத்து ஒரு பத்தியாகப் போட்டிருந்தால், முன்பக்கம் திறக்கிற மெஷின் வாங்கலாமா, மேலே திறக்கிறதோடு நிற்கலாமா என்பது கடைக்குப் போகும் முன்பே பல பேருக்கு முடிவாகியிருக்கும்.

குடிநீர் மெஷின் விஷயம் இதைவிட மோசம். வீட்டுக்கு வரும் விற்பனைப் பையன் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பான். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் மெஷின் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் விட்டு பிளக்கைச் சொருகுவான். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகி, மண்டி திரண்டு மிதக்கும். மெஷின் தண்ணீர் அப்படியே இருக்கும். "இதத்தான் இத்தன நாளும் பிள்ளைகளுக்குக் குடுத்தீங்களா அக்கா?" என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வியிலேயே பாதி வீடுகளில் முன்பணம் கைமாறிவிடும். உண்மையில் அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் தாது உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்ஓ மெஷின் உப்பை எடுத்துவிடுவதால் அந்த டம்ளரில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அவனுடைய மெஷின் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் கம்பியை விடச் சொல்லுங்கள். பையன் பெட்டியை மூடிவிடுவான்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவுக்குத் தடை கொண்டுவரச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. இந்தக் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், என் பையில் எப்போதும் கிடக்கிறது. எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரில் அது 500க்கு வெகு கீழேதான் நிற்கும். கிருமி உண்டா இல்லையா என்று அந்த மீட்டர் சொல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிருமிக்கு யூவி (புற ஊதா விளக்கு) போதும், கொதிக்க வைத்தாலும் போதும். ராதாபுரம் போர் தண்ணீருக்கு ஆர்ஓ வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கட்டத்தில் இருந்த மெஷின்கள் எல்லாமே ஆர்ஓ. ஆற்றங்கரையில் இருக்கிறவனுக்கும் தேரிக்காட்டில் இருக்கிறவனுக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுதியது போல இருந்தது.

அடுத்தது கரண்ட். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று பிரிட்ஜ் கதவில் பெரிதாக ஒட்டியிருப்பார்கள். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்பது பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் லைனில் இருக்கிற வீடும், டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த வீடும் ஒன்றா? 'பத்து வருட வாரண்டி' என்பதும் இப்படித்தான். பல கம்பெனிகளில் அது கம்ப்ரசருக்கு மட்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரசரை ஓட்டுவதே ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு. அந்தப் போர்டுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். கம்ப்ரசர் கல்லாட்டம் இருக்கும், போர்டு போய்விடும், வாரண்டி அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கும். ஏசியின் வெளி யூனிட்டில் பல்லி நுழைந்து போர்டில் ஷாட் ஆகிக் கருகிக் கிடப்பதை மாதம் தவறாமல் பார்க்கிறேன். 'பூச்சி, பல்லி, எலியால் ஏற்படும் சேதம் சேராது' என்று வாரண்டியில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். போர்டுப் பெட்டிக்கு மூடி நன்றாகப் பொருந்துகிறதா என்று எந்த ஒப்பீட்டிலும் நான் படித்ததில்லை. எங்கள் பக்கம் வைஃபையைவிட அதுதான் முக்கியம்.

ஸ்டார் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டார் என்பது நிரந்தரப் பட்டம் இல்லை. அளவுகோலை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். 2022 ஜூலையில் ஏசிக்கு உயர்த்தியபோது அதுவரை 5 ஸ்டாராக இருந்தவை 4 ஸ்டாருக்கு இறங்கின. ஸ்டிக்கரில் எந்தக் காலத்துக்கு உரியது என்று அச்சாகியிருக்கும், பழைய ஸ்டாக்கை ஆஃபரில் தள்ளும் கடையில் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்டாரை விடுங்கள், வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று கீழே ஓர் எண் இருக்கிறதே, அதைப் போடுங்கள். ஏசிக்கு அந்த எண் வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கணக்கிட்டது. தினம் எட்டு மணி நேரம் என்றால் 200 நாள். பாளையங்கோட்டையில் பங்குனி தொடங்கி ஐப்பசி வரை ஏசி போடுகிற வீட்டுக்கு அது காணாது. இரண்டு ஏசிகளை ஒப்பிட அந்த எண் போதும், கரண்ட் பில்லை ஊகிக்கத்தான் போதாது.

சீலிங் ஃபேனுக்கு உங்கள் இணைப்பில் இடமே தரவில்லை. எல்லா வீட்டிலும் இருப்பது அதுதான். 2023 ஜனவரி முதல் அதற்கும் ஸ்டார் கட்டாயம். சாதாரண ஃபேன் 75 வாட் எடுத்தால் போர்டு வைத்து ஓட்டும் புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். அதே சமயம் பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் ஒரு கெப்பாசிட்டரில் முடிந்துவிடும், பிஎல்டிசியில் போர்டு போனால் கம்பெனியைத்தான் தேட வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் ஒப்பீடு. மிக்சிக்கும் இதே கதை. வாட்ஸை மட்டும் பார்க்கிறார்கள். சொதிக்குத் தேங்காயை அரைத்து அரைத்து மூன்று பால் எடுக்கிற வீட்டில் முதலில் போவது ஜாரின் புஷ்ஷும் கப்ளரும். அவை அம்பை பஜாரில் கிடைக்குமா, ஆன்லைனில் வரவழைக்க வேண்டுமா? அதற்கு ஒரு பத்தி போட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

சாப்ட்வேரையும் இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள் என்பது சமீபத்தில் தெரிந்தது. பாவூர்சத்திரத்தில் என் மைத்துனர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பில் போடும் சாப்ட்வேர் வாங்க வேண்டும் என்று என் மகளிடம் கேட்டார். இணையத்தில் கிடைத்த ஒப்பீடுகளில் எல்லாவற்றுக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக். ஜிஎஸ்டி உண்டு, ஸ்டாக் உண்டு, செல்போனில் பார்க்கலாம். அவள் அதை மூடிவைத்துவிட்டு, இலவசமாகப் பார்க்கத் தருகிற பதிப்புகளை இறக்கி, கடையில் நிஜமாக விற்கும் சரக்கை ஒவ்வொன்றிலும் ஏற்றிப் பார்த்தாள். கருப்பட்டி, சுக்கு, மூட்டையில் வாங்கிக் கால் கிலோவாக விற்கும் உளுந்து. ஒன்றில் மூட்டையைக் கிலோவாகப் பிரிக்க வழியில்லை. ஒன்றில் தமிழில் பெயர் ஏற்றினால் திரையில் சரியாக இருந்தது, சின்ன பில் பிரிண்டரில் கட்டம் கட்டமாக வந்தது. இன்னொன்று நெட் போனால் பில்லே போடவில்லை. சந்தை நாளில் நெட் போனால் மைத்துனர் என்ன செய்வார்?

அப்புறம் விலை. முதல் வருடம் பாதி விலை என்பார்கள், இரண்டாம் வருடம் எவ்வளவு என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். 'ஆஃபர் இன்று நள்ளிரவோடு முடிகிறது' என்று நாள் தவறாமல் ஓடும் கடிகாரம் வேறு. இப்படிப் பொய் அவசரம் காட்டுவதையும், சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவிடுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. கடிகாரம் என்னவோ இன்னும் ஓடுகிறது. எல்லாவற்றையும்விட, சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கு நம் கைக்கு வருமா என்று கேட்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டனின் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில் முழுவதும் எக்செல்லாக வெளியே எடுக்க முடிந்த சாப்ட்வேரைத்தான் என் மகள் தேர்ந்தெடுத்தாள். அது எந்தப் பட்டியலிலும் முதலிடத்தில் இல்லை.

ஆன்லைன் மதிப்புரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொருள் வந்த வாரமே எழுதுவதால் பாதிப் பேர் பேக்கிங்கைத்தான் பாராட்டுகிறார்கள். ஒரு வருடம் கழித்து எழுதியதைத் தேடிப் படித்தால் கொஞ்சம் உபயோகம்.

உங்களிடம் கேட்பது இதுதான். தீபாவளி இணைப்பில் ஒப்பீடு போடும்போது கம்பெனி நோட்டீசை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டாம். சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது, நெல்லையிலா மதுரையிலா, போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி, போர்டின் விலை என்ன, எத்தனை வோல்ட் வரை தாங்கும், எவ்வளவு தண்ணீர் அழுத்தம் வேண்டும், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற பத்திகளைச் சேருங்கள். ஸ்பேர் விலையை மறைக்கிற கம்பெனிகளும் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும், பத்திரிகை கேட்டால் இன்னும் சீக்கிரம் சொல்வார்கள். பொருள் கெட்டு, கடைக்காரரும் கம்பெனியும் மாறி மாறிக் கைகாட்டினால் கூப்பிட வேண்டிய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதைக் கட்டத்துக்குக் கீழே போடுங்கள். இன்னொன்றும் உண்டு. கோடை இணைப்பில் முதலிடம் பெற்ற பிரிட்ஜின் முழுப்பக்க விளம்பரம் அதற்கு எதிர்ப் பக்கத்திலேயே இருந்தது. தற்செயலாக இருக்கலாம். படிக்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்பை, நாங்குநேரி, திசையன்விளை என்று தண்ணீர் மாறும் ஊருக்கு ஒரு மெக்கானிக்கைப் பிடித்துப் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும். எங்களுக்கு எந்தக் கம்பெனியும் கமிஷன் தருவதில்லை. நிருபரை அனுப்பினால் போர் தண்ணீரில் ஓடிய ஹீட்டரையும் ஆற்றுத் தண்ணீரில் ஓடிய ஹீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், படம் எடுத்துக்கொள்ளலாம். காலை பத்து மணிக்குள் வரச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு நான் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
வீட்டு உபயோகப் பொருள் மெக்கானிக் ஒருவர்,
கல்லிடைக்குறிச்சி.