தொலைந்த பார்சலுக்குத் தபால் செலவில் இரு மடங்குதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அஞ்சல் வழியாக அனுப்பும் மதிப்புள்ள பார்சல் நடுவழியில் தொலைந்துபோனால் அனுப்பியவருக்குக் கிடைக்கும் இழப்பீடு மிகச் சொற்பமாக இருப்பதையும், அதற்குச் சட்டமே அரணாக நிற்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாக அஞ்சல் துறையின் கவனத்துக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

1986 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட விரைவு அஞ்சல் சேவையில் ஒரு பொருள் தொலைந்துவிட்டால், செலுத்திய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது இழப்பீடாகத் தரப்படும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் விதி. ஆரணியிலிருந்து 12,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு பட்டுச் சேலையை 100 ரூபாய் கட்டணம் செலுத்தி ஒருவர் வெளியூருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். சேலை போய்ச் சேரவில்லை என்பது உறுதியான பிறகும் இந்த விதிப்படி அவருக்குக் கிடைப்பது 200 ரூபாய். ஆயிரம் ரூபாய் என்ற உச்சவரம்பைக்கூட அவரால் எட்ட முடியாது. ஏனென்றால் கணக்கின் அடிப்படை சேலையின் விலையில் இல்லை, ஒட்டிய தபால் செலவில் இருக்கிறது. பத்து ரூபாய்ப் பொருளை அனுப்பியவருக்கும் பத்தாயிரம் ரூபாய்ப் பொருளை அனுப்பியவருக்கும் எடையும் தூரமும் ஒன்றாக இருந்தால் இழப்பீடும் ஒன்றுதான் என்பது எந்த நியாயத்துக்கும் பொருந்தாது.

இந்த நிலைக்கு வேர் 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 6ஆவது பிரிவு, பொருள் தொலைந்தாலும், தவறான இடத்தில் கொடுக்கப்பட்டாலும், தாமதமானாலும், சேதமடைந்தாலும், அரசு தானே முன்வந்து ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் தவிர வேறெந்தப் பொறுப்பும் அதற்கு இல்லை என்றது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்ததாக நிரூபித்தால் மட்டுமே அவர் மீது வழக்குத் தொடர முடியும். பிரிட்டிஷ் ஆட்சியில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு 2023இல் புதிய அஞ்சலகச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இந்தப் பிரிவாவது மாறியிருக்கும் என்று என்னைப் போன்றவர்கள் எதிர்பார்த்தோம். மாறவில்லை. புதிய சட்டத்தின் 10ஆவது பிரிவும், விதிகளில் குறிப்பிடப்படும் பொறுப்பைத் தவிர வேறெந்தப் பொறுப்பும் அஞ்சலகத்துக்கு இல்லை என்றே சொல்கிறது. சேவை தருவதும் அரசு, அந்தச் சேவையில் நேரும் குறைக்கு எவ்வளவு தரலாம் என்று விதி எழுதுவதும் அதே அரசு என்பதால், தொகை உயர்வதற்கான எந்த நெருக்கடியும் அதற்கு இல்லை.

மற்ற போக்குவரத்துகளுக்கு இதே அரசு என்ன சட்டம் வகுத்திருக்கிறது என்று பார்த்தால் வேதனை கூடுகிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், இயற்கைச் சீற்றம், போர் போன்ற சில காரணங்களைத் தவிர, ஏற்றிச்செல்லும் சரக்கு தொலைந்தால் ரயில்வே நிர்வாகமே பொறுப்பு என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. மதிப்பைச் சொல்லி அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தியிருந்தால் அந்த மதிப்பு வரை கேட்கலாம், சொல்லாவிட்டால் எடைக்கு ஏற்ற தொகை உண்டு. ரயில்வே மறுத்தால் முறையிட ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம் என்று தனி அமைப்பே இருக்கிறது. லாரி போக்குவரத்து நிறுவனங்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் 2011இல் வந்த விதிகளும், அதிக மதிப்பு அறிவிக்கப்படாத சரக்குக்கு வாடகையின் பத்து மடங்கு வரை பொறுப்பு என்று வரையறுத்துள்ளன. தனியார் லாரிக்காரர் பத்து மடங்கு தர வேண்டும், அரசின் அஞ்சலகம் இரு மடங்கு தந்தால் போதும் என்ற இந்த வேறுபாட்டுக்கு இதுவரை யாரும் விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

காப்பீடு செய்து அனுப்பியிருக்கலாமே என்பது துறையின் வழக்கமான பதில். காப்பீட்டு வசதி இருப்பது உண்மைதான். தங்கம், வெள்ளி, நாணயம் போன்றவற்றைக் காப்பீடு செய்தே அனுப்ப வேண்டும் என்று பழைய விதிகள் கட்டாயப்படுத்தின. காப்பீட்டு உறைகளைக் கிராம் கணக்கில் எடை பார்த்து, அந்த எடையை உறையிலும் ரசீதிலும் எழுதி, அரக்கு முத்திரை வைத்து அனுப்பும் முறையைப் பெரியவர்கள் பலர் அறிவார்கள். வழியில் எடை குறைந்தால் எந்தக் கையில் குறைந்தது என்று கண்டுபிடிக்க முடிந்த, மிகக் கவனமாக வகுக்கப்பட்ட முறை அது. ஆனால் இன்று கவுன்டரில் நடப்பது வேறு. பார்சலை எடைபோடுகிறார்கள், பின்கோடு கேட்கிறார்கள், கைபேசி எண் கேட்கிறார்கள், கட்டணம் சொல்கிறார்கள். உள்ளே இருப்பதன் மதிப்பு என்ன, காப்பீடு வேண்டுமா என்ற கேள்வியைக் கேட்டு நான் அறிந்ததில்லை. வரிசையில் இருபது பேர் நிற்க, ஒரே ஊழியர் சேமிப்புக் கணக்கையும் பார்சலையும் சேர்த்துக் கவனிக்கும்போது அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கேட்க வேண்டியதை மென்பொருளே கேட்கும்படி செய்வதற்குத் தடை என்ன? ரசீதில் இழப்பீட்டு வரம்பைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடுவதற்கு எத்தனை செலவாகிவிடும்? சொல்லப்படாத ஒரு வசதியை வாங்காததற்காக மக்களைப் பொறுப்பாக்குவது முறையாகாது.

பதிவு அஞ்சலும் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், சான்றிதழ், பத்திர நகல், வழக்கு ஆவணம் என்று முக்கியமானவற்றை அனுப்புகிறவர்கள் எல்லாரும் இனி ஒரே வாசலில்தான் நிற்க வேண்டும். அசல் மதிப்பெண் சான்றிதழ் தொலைந்தால், நகல் பெறுவதற்குக் காவல் நிலையம் முதல் தேர்வுத் துறை வரை அலையும் மாணவருக்கு இரு மடங்குக் கட்டணம் எதை ஈடுசெய்யும்?

தனியார் கூரியருக்குப் போகலாமே என்பவர்களும் உண்டு. அங்கும் ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் பன்னாட்டு கூரியர் நிறுவனத்துக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் தரச் சொன்னதை ஏற்காமல், ரசீதில் கையொப்பமிட்டு ஏற்ற 100 டாலர் வரம்பே செல்லும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. அதுவாவது இரு தரப்பு ஒப்பந்தம் என்று வாதிடலாம். அஞ்சலகத்தில் கையொப்பமிட்டு ஏற்கும் ஒப்பந்தம்கூட இல்லை. விதி தானாகவே வந்து சேர்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், தொலைந்ததற்கு எந்த விளக்கமும் தராததையே ஊழியரின் தவறாகக் கொண்டு இழப்பீடு வழங்கிய ஆணையங்களும் உண்டு, 6ஆவது பிரிவைக் காட்டி மனுவைத் தள்ளிய ஆணையங்களும் உண்டு. எந்த வாசல் திறக்கும் என்பது தெரியாமல் ஏழை எளியவர்கள் வழக்காட வரமாட்டார்கள்.

தொகையைவிட மனத்தை வருத்துவது விசாரணையின் முடிவைச் சொல்லாமல் விடுவது. ஒவ்வொரு பார்சலும் எந்த அலுவலகத்தில் பையில் இடப்பட்டது, எங்கே இறக்கப்பட்டது என்பது கணினியில் பதிவாகிறது. கடைசியாகப் பதிவான இடமும் நேரமும் அனுப்பியவருக்கே தெரிகிறது. அதற்குப் பிறகு அங்கே தேடினார்களா, யார் தேடினார்கள், முகவரிச் சீட்டு கிழிந்த பார்சல்கள் போய்ச் சேரும் ஆர்.எல்.ஓ. எனப்படும் திரும்பிய கடித அலுவலகத்தில் பார்த்தார்களா என்பதை எழுத்துமூலமாகத் தெரிவிக்காமல், புகார் முடித்துவைக்கப்பட்டது என்ற ஒற்றை வரியோடு நிறுத்துவது அனுப்பியவரை அவமதிப்பதாகும். (வாசகர்கள் பார்சலின் உள்ளேயும் இரு முகவரிகளை எழுதிய தாளை வைத்துவிடுவது நல்லது, வெளிச்சீட்டு போய்விட்டாலும் பொருள் திரும்பி வர அது வழிசெய்யும்.)

வெயிலிலும் மழையிலும் கதவு தட்டும் தபால்காரர்கள் மீது எனக்குத் துளியும் குறையில்லை. கிராமத்துக் கைவினைஞர்களும் வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்பலாம் என்று அஞ்சலகங்களில் ஏற்றுமதி மையங்களைத் திறந்து அரசு ஊக்குவிக்கும் காலம் இது. அந்த ஊக்கத்தை நம்பித் தறியிலிருந்து இறக்கிய சேலையைக் கவுன்டரில் கொடுக்கும் நெசவாளருக்கு, தொலைந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பார்சலின் மதிப்பைக் கட்டாயம் கேட்டுப் பதிவது, காப்பீடு இல்லாத பார்சலுக்கும் லாரிகளுக்கு உள்ளது போலக் கட்டணத்தின் பத்து மடங்காவது இழப்பீடு தருவது, விசாரணை முடிவைக் குறித்த காலத்துக்குள் எழுதித் தருவது ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. பொறுப்பை விதிகளில் குறிப்பிடலாம் என்று 10ஆவது பிரிவே இடம் தந்திருப்பதால், மத்திய தகவல் தொடர்பு அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டாலே போதும். நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் நம் தமிழக உறுப்பினர்கள் இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கைத்தறி வணிகர் ஒருவர்,
ஆரணி.