தம்பிக்கு, அம்மா எழுதுவது

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

இங்கே நானும் ஆச்சியும் தேவ கிருபையால் சுகம். அங்கே நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் "வேலையா இருக்கேம்மா, ராத்திரி பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். ராத்திரி நீ கூப்பிடுகிற நேரத்துக்கு ஆச்சிக்கு மருந்து கொடுத்து, வாசலைப் பூட்டி, நானும் அசந்துபோகிறேன். சொல்ல நினைத்தது ஒன்று, பேசுவது ஒன்று என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உனக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது வாசி.

ஊரில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் தியானக் கூட்டம் நடக்கிறது. பதநீர் வர ஆரம்பித்துவிட்டது. மேலத்தெரு வாத்தியார் மகளுக்கு நிச்சயம் முடிந்தது, மாப்பிள்ளை நாசரேத்துப் பக்கம். கிணற்று மோட்டார் மறுபடியும் மக்கர். அதெல்லாம் இருக்கட்டும். நீ காலையில் வேதம் வாசிக்கிறாயா?

கோபப்படாதே. குடும்பக் குழுவில் தினமும் விடியற்காலையில் வாக்குத்தத்த வசனம் அனுப்புகிறாய், பார்க்கிறேன். பூப்படத்தோடு அழகாக இருக்கிறது. ஆச்சிக்கு நான்தான் வாசித்துச் சொல்கிறேன். எல்லாரும் ஆமென் போடுகிறார்கள். அக்காவும் போடுகிறாள். ஆனால் வருகிற வசனமெல்லாம் ஆசீர்வாத வசனமாகவே இருப்பதை நீ கவனித்தாயா? "உன்னை ஆசீர்வதிப்பேன்", "உன்னைக் கைவிடுவதுமில்லை", "பயப்படாதே". எல்லாம் சத்தியம்தான், அதைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா போன பிறகு நானும் எழுந்து நடமாடுகிறேன். ஆனால் "மன்னியுங்கள்" என்ற வசனத்தை யாரும் பூப்படம் போட்டு அனுப்பி நான் பார்க்கவில்லை. "ஒப்புரவாகு" என்பதையும் பார்க்கவில்லை.

அப்பா அதனால்தான் வரிசையாக வாசிக்கச் சொல்வார்கள். வார நாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. 1189 அதிகாரமும் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். வாசித்து முடிக்காமல் நம் வீட்டில் காப்பி கிடையாது என்று உனக்குத் தெரியும். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது லேவியராகமம் வந்தால் மூஞ்சியைச் சுளிப்பாய். "பிடிச்ச இடத்தை மட்டும் வாசிச்சா, நாம நினைச்சதைத்தான் ஆண்டவர் வாயில போட்டுப் பேசவைப்போம்" என்று அப்பா சொல்வார்கள். வரிசையாக வாசித்தால் பிடிக்காத அதிகாரமும் அதன் நாளில் வந்து எதிரே நிற்கும். அன்றைக்கு அதைத் தாண்டிப் போக முடியாது.

காலையில் வாசி, தம்பி. ஆபீஸ் போகிற வண்டியில் காதில் மாட்டிக் கேட்பதாகச் சொன்னாய். ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான். ஆனாலும் புத்தகத்தைத் திறந்து, முழங்கால் போட்டு, பிள்ளைகள் பார்க்க வாசி. சின்னவன் அப்பாவைப் பார்த்துத்தானே பழகுவான்.

உன்னைக் குறை சொல்வதற்கு எழுதவில்லை. 119ஆம் சங்கீதம் 176 வசனத்தையும் ஓய்வுநாள் பள்ளிப் போட்டியில் நீ நின்று சொன்ன நாள் எனக்கு அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. போதகர் ஐயர் வீட்டு ஐயரம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு இடத்தில்கூட நீ தட்டவில்லை. அக்காதான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆலெப், பேத் என்று எபிரெய எழுத்து வரிசைப்படி எட்டு எட்டு வசனமாக உனக்கு ஏற்றினாள். நீ தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து சொல்லவைப்பாள். நீ அழுவாய், அவள் பனங்கிழங்கு உரித்துக் கொடுத்து மறுபடியும் ஆரம்பிப்பாள். பரிசு வாங்கிய பைபிளில் உன் பேரை எழுதியதும் அவள் கைதான். அந்தப் பைபிள் இங்கே பீரோவில்தான் இருக்கிறது. வந்தால் எடுத்துக்கொண்டு போ.

மனப்பாடம் உனக்குக் குறைவில்லை. ஜெபத்துக்கும் குறைவில்லை. முழு இரவு ஜெபம், உபவாச ஜெபம் எல்லாவற்றுக்கும் போகிறாய் என்று மருமகள் சொன்னாள். கேட்க எனக்குச் சந்தோஷம். ஆனால் தாத்தாவை நினைத்துக்கொள்கிறேன். தாத்தா செம்மணல் தேரியில் பனை ஏறினவர்கள். ஒரு நாளும் பிந்தாமல் காலையிலும் சாயங்காலத்திலும் ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவிவிட்டு, சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாட்டிவிட்டு இறங்குவார்கள். தொடர்ந்து சீவாமல் விட்டால் பாளை காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை இறக்கிய பதநீரைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள், வீட்டுக்கு ஒரு சொட்டு வராது. வேதம் வாசிப்பது மரம் ஏறுகிற மாதிரி, தம்பி. சீவுவதுதான் கீழ்ப்படிதல். ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்த்துவிட்டு இறங்கினால் கலயம் காலியாகத்தான் இருக்கும், எத்தனை மரம் ஏறினாலும். யாக்கோபும் அதைத்தானே எழுதுகிறார், திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்று. "உங்களை வஞ்சியாதபடிக்கு" என்று அதற்கு முன்னால் ஒரு வார்த்தை வருகிறது பார். கேட்டதே போதும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சுலபம்.

ஆச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் நான் அரிசிப் பானையைத் திறக்கிற சத்தம் கேட்டால் கட்டிலில் இருந்தே, "பிடியரிசி எடுத்தியாட்டி?" என்று கேட்பார்கள். ஒரு கை எடுத்துக் கோயிலுக்கென்று வைத்திருக்கிற டப்பாவில் போட்டு, டப்பாவை ஒரு தட்டு தட்டினால்தான் விடுவார்கள். இந்த வயதிலும் ஒரு வேளை விட மனசு வராது. பெரிய பெரிய தீர்மானம் எல்லாம் ஆச்சி எடுத்தது கிடையாது. அன்றாடம் அந்த ஒரு கை அரிசி.

மிஷனெரிக்கு நீ மாதம் தவறாமல் அனுப்புகிறாய், அது எனக்குப் பெருமை. 1903இல் நம் ஜனங்கள் பாளையங்கோட்டையில் கூடி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியதை அப்பா ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள். பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா அத்தியட்சர் (பேராயர்) தோர்னக்கல் போய்த் தெலுங்கு படித்து ஊழியம் செய்த கதை உனக்கு அத்துப்படி. அவர்கள் 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் முன்னால் பேசியதையும் அப்பா சொல்வார்கள், நினைவிருக்கிறதா? நீங்கள் உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள் என்று. முதலாம் கொரிந்தியர் 13ஐ மனதில் வைத்துத்தான் அப்படிப் பேசினார்கள். எல்லாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை. தோர்னக்கல் போகிறவனுக்கு மட்டும் எழுதினதா அது? கூடப் பிறந்த இடத்திலும் அதே அளவுதானே.

நான் அந்த விளை நிலத்து விஷயத்தை இதில் எழுத மாட்டேன். அப்பா எழுதிவைத்த பத்திரம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது, நான் தொடவில்லை. யார் பக்கமும் நான் பேசவில்லை, பேசவும் மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் வருஷ ஜெபத்துக்கு வந்திருந்தாயே, மறுநாள் ஞாயிறு நற்கருணை ஆராதனை. நம் பெஞ்சில் எல்லாரும் எழுந்து வந்தோம். நீ எழுந்து வரவில்லை. முழங்கால் போட்டிருக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, ஆனாலும் பார்த்தேன். பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தாய். வெளியே வந்ததும் பெரியம்மா, "பட்டணத்துக்குப் போனவனுக்குப் பக்தி குறைஞ்சு போச்சு" என்றார்கள். நான் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பக்தி குறைந்தவன் எழுந்து வந்திருப்பான், ஊர் பார்க்க நற்கருணை வாங்கியிருப்பான். பிறரோடு அன்பும் ஒப்புரவுமாய் இருக்கிறவர்கள் வாருங்கள் என்று ஐயர் அழைக்கும்போது, அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் நீ உட்கார்ந்திருந்தாய். உன் பயம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்றைக்கு நான் அதற்காக ஸ்தோத்திரம் செய்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு தாம்பரத்திலும் நீ வாங்கவில்லை என்று மருமகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

மத்தேயு ஐந்தாம் அதிகாரம் உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் நிறுத்தி வாசி. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று இருக்கிறது. உனக்கு அவன்மேல் குறை உண்டானால் என்று ஆண்டவர் கேட்கவே இல்லை. நியாயம் யார் பக்கம் என்றும் கேட்கவில்லை. காணிக்கையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார் என்றும் சொல்லவில்லை, பெஞ்சிலேயே இரு என்றும் சொல்லவில்லை. "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." போ, வா. இரண்டும் உண்டு. நீ பாதி வசனத்துக்குக் கீழ்ப்படிந்துவிட்டு அங்கேயே நிற்கிறாய், மக்கா. எத்தனை நாள் நிற்பாய்?

கிணற்றுப் பங்கில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்றுபோனது உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். அதுவும் லெந்து காலம்தான். காலையில் இதே அதிகாரம் வந்தது. அப்பா வாசித்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள், பள்ளிக்கூடத்து முக்குவரை போய்த் திரும்பி வந்தார்கள், தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள், மறுபடியும் போனார்கள். சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்று, "தம்பி, நான் வந்திருக்கேன்" என்று மட்டும்தான் சொன்னார்களாம். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். கிணற்றைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கிணற்றுப் பங்கு கடைசிவரை தீரவும் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கிறது. ஆனால் அந்த ஈஸ்டருக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கும்போது முதல் ஆளாகத் தோள் கொடுத்ததும் சித்தப்பாதானே, நீ பார்த்தாய்.

விளை தீர்ந்த பிறகு பேசலாம் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. அது தீருகிறபோது தீரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடாதே. வேதம் வாசிக்காமலும் ஓடாதே. மருமகளிடம் கருப்பட்டி கொடுத்தனுப்புகிறேன் என்று சொல், புதுக் கருப்பட்டி, பக்கத்து விளையில் காய்ச்சியது. பிள்ளைகள் தமிழ்ப் பைபிளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்களா? ஒரு நாளைக்கு ஒரு வசனமாவது வாசிக்கச் சொல்.

கடைசியாக ஒன்று. என் பேத்திக்கு, உன் அக்கா மகளுக்குத்தான், பேராயர் மே மாதம் தலையில் கைவைத்துத் திடப்படுத்தல் கொடுக்க வருகிறார்கள். பிள்ளை வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாள். பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் என்னிடம் ஒப்பித்துக் காட்டினாள். அப்புறம், "மாமா வருவாங்களா ஆச்சி?" என்று கேட்டாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்துக் கேட்டதில்லை, அவளாகத்தான் கேட்டாள். வருவான் என்று சொல்லிவிட்டேன். செந்தூர் எக்ஸ்பிரஸில் தாம்பரத்திலேயே ஏறினால் நாசரேத்தில் இறங்கிவிடலாம், ஆட்டோவை நான் அனுப்புகிறேன். விடுமுறைக் கூட்டம் இருக்கும், டிக்கெட் இப்போதே போட்டுவிடு.

வெள்ளைச் சேலையும் முக்காடும் வேண்டும். தாய்மாமன் நீ இருக்க வேறு யார் எடுத்துக் கொடுப்பது? நல்ல பருத்தியாகப் பார்த்து எடு. ரவிக்கை அளவு எனக்குத் தெரியாது, அக்காவிடம்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள், நாலரைக்கு மேல் கூப்பிடு.

இப்படிக்கு,
உனக்காக ஜெபிக்கும் அம்மா